அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுபட்ட பதக்கங்கள்

உசிலம்பட்டி நண்பருக்கு வணக்கம். அப்பா 1966 முதல் 1981 வரை மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தும், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (பணியிலிருந்து விடுபடும்போது ராணுவம் தரும் பணிப் பதிவுப் புத்தகம்) ஒரு பதக்கம்கூட ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

முதலில், அந்தப் புத்தகத்தில் நீங்களாகப் பேனா வைக்காதீர்கள். குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீஸ்தான் திருத்த வேண்டும்.

சங்ராம் பதக்கம் 1971 டிசம்பர் 3-ல் தொடங்கிய இந்தியா-பாகிஸ்தான் போர்க் காலச் சேவைக்கானது. அதே போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டார் பதக்கம், மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார் பதக்கம். அதனால் அப்போது யூனிட் எங்கே இருந்தது என்று அப்பாவிடமே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கமும் உண்டு. அதைக் கேட்க மறந்துவிடாதீர்கள்.

அப்புறம், ராணுவ எண், ரேங்க், யூனிட், தேதிகளோடு அப்பா கையெழுத்திட்ட மனுவையும் புத்தகத்தின் நகலையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசலை அவர்கள் கேட்டால் மட்டும் கொடுங்கள். என் பெரியப்பா முதலிலேயே அசலை அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை தூங்கவே இல்லை. மனு எழுதச் சிரமமாக இருந்தால், மதுரையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.