ஃபர்லாங்: தூரமா, வயலா?

வணக்கம்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் "ரெண்டு பர்லாங் நடக்கணும்" என்பார்கள். ஒரு ஃபர்லாங் 220 கஜம் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அண்மையில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் பழைய நில வரைபடத்தைப் பார்த்தேன். வயல்களுக்கே ஃபர்லாங் என்று பெயர் போட்டிருக்கிறது. ஒன்றுகூட 220 கஜத்துக்குப் பொருந்தவில்லை. தூரத்தின் பெயர் வயலுக்கு எப்படிப் போனது? மாடு மூச்சு வாங்காமல் உழும் தூரம்தான் ஃபர்லாங் என்கிறார்களே, சரியா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

பெயர் வயலுக்குப் போகவில்லை, வயலிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஃபுர்ஹ்' என்றால் உழவுசால், 'லாங்' என்றால் நீண்டது. ஒரு சாலின் நீளம்தான் ஃபர்லாங்.

நீங்கள் பார்த்த வரைபடத்தில் இருப்பது இடைக்காலத் திறந்தவெளி வேளாண்மை. ஊரின் உழவு நிலம் முழுவதும் இரண்டு மூன்று பெரும் பரப்புகளாகக் கிடக்கும், நடுவே வேலி கிடையாது. ஒவ்வொரு பரப்பும் பல தொகுதிகளாகப் பிரிந்திருக்கும். தொகுதிக்குள் ஒடுங்கிய நீளப் பட்டைகள், ஒரே திசையில் சால் ஓடும்படி அடுத்தடுத்துக் கிடக்கும். ஒரு குடும்பத்தின் பட்டைகள் ஊரெங்கும் சிதறியிருக்கும். அந்தத் தொகுதிக்கும் ஃபர்லாங் என்றே பெயர். சரிவு, ஓடை, பாதை பார்த்து நீளம் மாறும் என்பதால் 220 கஜத்தை அதில் தேடிப் பயனில்லை. நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் இந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது.

மாட்டு மூச்சுக் கதை பாதிதான் சரி. நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும், புரட்டாது. இரண்டு மாடு, வரப்போரம் வந்ததும் கலப்பையைத் தூக்கித் திருப்பிவிடலாம். அங்கே களிமண்ணைப் புரட்ட, பலகை பொருத்திய கனத்த கலப்பை. முழு ஏர் என்றால் எட்டு எருது, இரண்டிரண்டாக முன்பின் பூட்டியது. அந்த நீள வரிசையைத் திருப்புவதுதான் பெரும்பாடு. திருப்பம் குறைய வேண்டுமென்றால் சால் நீள வேண்டும். நீட்டிக்கொண்டே போனால் மாடு களைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்ற நீளம் அது.

ஏக்கருக்கு ஒரு நாள் உழவு என்று பொருள் சொல்வது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கர் என்பது 660 அடி நீளம், 66 அடி அகலம். 9 அங்குலச் சால் என்றால் 88 சால். சாலுக்கு ஒரு ஃபர்லாங், 8 ஃபர்லாங் ஒரு மைல். ஆக, உழவன் நடப்பது 11 மைல், திருப்பம் நீங்கலாக! ஒரு நாளில் இதை முடித்தால் நல்ல மாடு, நல்ல மண் என்று பொருள்.

கோல் என்பது அங்கே நிலமளக்கும் அளவு. ஒரு ஃபர்லாங்குக்கு 40 கோல், கோலுக்கு பதினாறரை அடி. அப்படித்தான் 660 அடி நிலைத்தது. 1593இல் இங்கிலாந்துச் சட்டம் மைலை 8 ஃபர்லாங் என்று வரையறுத்தபோது மைல்தான் 5,280 அடிக்கு நீண்டது, ஃபர்லாங் அசையவில்லை. ஊரின் நிலக்கணக்கெல்லாம் கோலிலும் ஃபர்லாங்கிலும் நிற்கும்போது அதில் எப்படிக் கைவைப்பது? 1620இல் எட்மண்ட் கன்டர் அமைத்த நிலமளக்கும் சங்கிலியும் இதற்குப் பணிந்ததுதான்: நான்கு கோல், 66 அடி, 100 கண்ணி. பத்துச் சங்கிலி ஒரு ஃபர்லாங். நம் சென்ட் 1,000 சதுரக் கண்ணி, அதாவது 435.6 சதுர அடி. மனை விலை பேசும்போது வாயில் வரும் அந்த ஒழுங்கற்ற எண்ணுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சொல் எழுத்தில் வேறு வேலையும் பார்த்தது. ரோமானியரின் 'ஸ்டேடியம்' என்ற அளவும் மைலில் எட்டில் ஒன்று என்பதால், மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு ஃபர்லாங்கையே போட்டார்கள். 1611 ஆங்கில பைபிளில் எருசலேமிலிருந்து எம்மாவுக்கு 60 ஃபர்லாங். அங்கே உழவும் இல்லை, சாலும் இல்லை. இன்று இந்த அளவு பெரும்பாலும் குதிரைப் பந்தயக்காரர்கள் கையில்.

வரைபடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். பட்டைகள் நேர்க்கோடாக இல்லாமல், கண்ணாடியில் தெரியும் 'எஸ்' எழுத்துப்போல் மெல்ல வளைந்திருந்தால் வரைந்தவர் கை நடுங்கியதாக நினைக்க வேண்டாம். முனை வருமுன்பே எருதுகளை இடப்பக்கம் ஒடித்து, பிறகு வலப்பக்கம் திருப்புவார்கள். பட்டைகள் முடியும் இடத்தில் குறுக்கே ஓடும் ஒடுங்கிய துண்டு, ஏர் திரும்ப விட்ட இடம்.