ஒப்புக்குச் சப்பாணி

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2005இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' படத்தில் மோன் மோத்மா என்ற செனட்டரின் காட்சிகளை வெட்டிவிட்டார்களாமே, ஏன்? ஒரு உப்புக்குச் சப்பாணி பாத்திரத்துக்காக ரசிகர்கள் இன்னும் புலம்புவது வேடிக்கையாக இல்லையா?

பதில்: முதலில் அது உப்பு இல்லை, ஒப்பு. ஒப்புக்கு என்றால் பேருக்கு, சும்மா கணக்குக்கு. எங்களிடம் முன்பு ஒரு பிழைதிருத்துநர் இருந்தார். நான் 'ஒ' போட்டு அனுப்பினால் அவர் 'உ' ஆக்குவார், நான் திரும்ப 'ஒ' ஆக்குவேன், அச்சில் பார்த்தால் 'உ' பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். கேட்டால், நடக்க முடியாத பிள்ளையை மற்ற பிள்ளைகள் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அதனால்தான் உப்புக்குச் சப்பாணி என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொய் எப்போதுமே கேட்க நன்றாகத்தான் இருக்கும். உங்கள் கேள்வியைத் திருத்தாமல் போட்டிருப்பது அவருக்குச் செலுத்தும் மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானே என் அக்காமார் ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணியாக இருந்தவன்தான். விடாவிட்டால் அழுவேன் என்று சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், கத்தலாம், ஆனால் யாரையும் பிடிக்க முடியாது, பிடித்தாலும் செல்லாது. அதில் ஒரு வசதியும் உண்டு, அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நம்மைத் தொட்டாலும் அவுட் கிடையாது! கெட்டிக்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வெளியே போய் உட்கார்ந்தபிறகும் நான் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருப்பேன்.

சரி, மோன் மோத்மா. 1983இல் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தில் கரோலின் பிளாகிஸ்டன் வெள்ளை அங்கியில் வந்து, தாக்குதல் திட்டத்தை விளக்கும் கூட்டத்தில் கொஞ்சம் பேசிவிட்டுப் போவார். கிளர்ச்சிப்படைக்கே தலைவி, ஆனால் அவ்வளவுதான் பங்கு. 2005 படத்துக்கு மோன் மோத்மாவின் இளவயதுப் பாத்திரமாக ஜெனிவீவ் ஓரைலியை நடிக்க வைத்தார்கள். காட்சிகளை எடுத்தும் விட்டார்கள். அப்புறம் இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸ் கதையைக் கதாநாயகன் அனகின் கெட்டுப்போவதன்மேல் மட்டும் நிறுத்தினார், செனட்டர்கள் போய்விட்டார்கள். அந்த செனட்டர் கூட்டத்தில் அவருடைய சொந்த மகள்களும் இருந்தார்கள், அந்தக் காட்சியில் அவர்களுக்கும் கத்தரிதான். இந்த ஒரு விஷயத்துக்காக லூக்காஸுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் வெட்டியது தப்பு. வெட்டுவதே தொழிலாக இருக்கிறவன் சொல்கிறேன். கத்தரியை எடுத்தால் கை முதலில் போவது நாலுபேர் உட்கார்ந்து பேசும் இடத்துக்குத்தான். இங்கேயும் நாலைந்து பேர் சோபாவில் உட்கார்ந்து, அரசியல் சட்டம் கிழிந்து தொங்குகிறது, திருத்தத்துக்குமேல் திருத்தம் என்று கவலைப்படுகிறார்கள். தூங்கிவிடலாம். ஆனால் முடிகிற இடத்தைப் பாருங்கள்: இங்கே பேசியதை வெளியே யாரிடமும், வீட்டு ஆட்களிடம்கூட, மூச்சு விடக்கூடாது என்று முடிவெடுக்கிறார்கள். பத்மே என்ற செனட்டரும் அங்கே இருக்கிறாள். அனகினுக்கு ரகசியமாகக் கழுத்தை நீட்டியவள், இப்போது அவனிடமே மறைக்க இன்னொரு ரகசியத்தை மடியில் கட்டிக்கொள்கிறாள். இது படத்தில் இருந்திருந்தால், கடைசியில் அவள் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்து அவன் பாய்வதற்கு ஒரு நூலளவாவது பிடி இருந்திருக்கும். இல்லாததால் என்ன ஆயிற்று? இதற்கு முந்தைய இரண்டு படங்களில் துப்பாக்கி தூக்கிய ஒருத்தி, இதில் கர்ப்பிணியாக ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைக்கிறாள்.

செனட்டில், அதுவரை குடியரசின் தலைவராக இருந்த பால்பட்டீன் தன்னைப் பேரரசனாக அறிவிக்கும் இடத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். சபை முழுக்கக் கைதட்டுகிறது, சுதந்திரம் இப்படித்தான் சாகிறது என்று பத்மே முணுமுணுக்கிறாள். நம் பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் என்று ஒன்று உண்டே, குழந்தை இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுகிற பருவம், சப்பாணி கொட்டுவது என்பார்கள். அந்த சபையில் யார் சப்பாணி? பேச வந்தவர்களை வெளியே தள்ளிவிட்டு, கொட்ட வந்தவர்களை வைத்துக்கொண்டார்கள்.

வெட்டுப்பட்ட அம்மணி என்ன ஆனார் என்கிறீர்களா? அதே ஓரைலி, அதே பாத்திரம், 2016இல் 'ரோக் ஒன்' படத்தில் திரும்ப வந்தார். 2022இல் 'ஆண்டோர்' தொடர், அதன் இரண்டாம் பருவம் 2025இல். அதில் செனட்டில் எழுந்து, நடந்தது இனப்படுகொலை என்று அந்தப் பேரரசனைப் பேர் சொல்லியே குற்றம்சாட்டுகிறார். பதவி, வீடு, மகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தப்பி ஓடுகிறார். இருபது வருஷம் கழித்து, உட்கார்ந்து பேசின பாத்திரம் எழுந்து நின்று பேசுகிறது, யாரும் தூங்கவில்லை. தொட்டாலும் அவுட் கிடையாது என்று சொன்னேனே.

பிழைதிருத்துநர் இதைப் படித்தால் கட்டாயம் கடிதம் போடுவார். வெட்டாமல் வெளியிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் மட்டும் பார்க்கலாம்.