பெயர் எழுதாத பேரேடு

கேள்வி: அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்னமும் பிப்ரவரிதோறும் 'கறுப்பின வரலாற்று மாதம்' கொண்டாடுவது ஆறிய புண்ணைக் கீறுவதாகாதா? வெள்ளையர் வரலாற்றுக்கென்று ஒரு மாதம் இல்லையே?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1850, 1860 ஆகிய இரண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் வெள்ளையர் வீட்டுக் கைக்குழந்தைக்குக்கூடப் பெயர் எழுதப்பட்டது. அடிமைகளுக்கோ தனி ஏடு. அதில் உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே பெரும்பாலும் பதிவாயின. வெள்ளையருக்குத் தனி மாதம் ஏன் தேவைப்படவில்லை என்பதற்கு அந்த ஏடே போதுமான விடை.

இந்தக் கொண்டாட்டத்தைத் தொடங்கியவர் கார்ட்டர் வுட்சன். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1875-இல் பிறந்தவர். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாத சக தொழிலாளர்களுக்குச் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்துக் காட்டியவர். இருபது வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த அவர், 1912-இல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றார். பாடநூல்கள் தம் மக்களை விட்டுவிட்டோ இழிவுபடுத்தியோ எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, 1926-இல் 'நீக்ரோ வரலாற்று வார'த்தைத் தொடங்கினார். அது மாதமாக வளர்ந்து அதிபர் ஃபோர்டின் ஏற்பைப் பெற்றது 1976-இல்.

இருப்பதிலேயே குறைந்த நாள்களுள்ள மாதத்தைத் தள்ளிவிட்டார்கள் என்று கேலி செய்வோரும் உண்டு. தள்ளியவர் எவரும் இல்லை; லிங்கனின் பிறந்தநாளான 12-ஆம் தேதியும், அடிமைமுறை ஒழிப்புக்குப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளாகக் கொள்ளப்பட்ட 14-ஆம் தேதியும் அவ்வாரத்தில் அமைந்ததால் வுட்சனே தேர்ந்தெடுத்தார். 'கொள்ளப்பட்ட' என்பதைக் கவனியுங்கள்: அடிமையாகப் பிறந்த டக்ளஸுக்குத் தாம் பிறந்த நாள் எது என்று கடைசிவரை தெரியாது.

கொண்டாட்டத்தில் குறையே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆண்டு முழுவதும் படித்ததை அந்த ஒரு வாரத்தில் ஊரறியக் காட்ட வேண்டும் என்பதே வுட்சனின் எண்ணம். இன்று பல நிறுவனங்கள் பிப்ரவரியில் ஒட்டிய சுவரொட்டியை மார்ச் முதல் தேதியே கிழித்துவிடுகின்றன.

ஆறிய புண் என்கிறீர்கள். விடுதலை பெற்றவர்கள் அனைவரும் பெயரோடு பதிவானது 1870-இன் கணக்கெடுப்பில்தான். தம் மூதாட்டியைத் தேடி அதற்கு முந்தைய ஏட்டைப் புரட்டுகிற பேத்தி, 'வயது 30, பெண், கறுப்பு' என்பது போன்ற ஒரு வரியில்தான் இன்றும் போய் நிற்கிறாள்.