மாமாவின் கடைக்காக எடுத்த கடனும் மாஸ்டர் படிப்பும்

கேள்வி: வயது 29, ஒஸ்லோவில் அம்மா அப்பாவோடு இருக்கிறேன். நோர்டிஸ்க்கில் (நோர்வேஜிய மொழி, இலக்கியப் படிப்பு) பச்சலர் முடித்துவிட்டுப் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். ஓகஸ்டில் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் மாஸ்டர் தொடங்கி, நோர்வேயின் மத்தியகால மொழியான பழைய நோர்ஸ் பற்றி ஆய்வேடு எழுத ஆசை. மாமாவின் கடைக்காக என் பெயரில் எடுத்த நுகர்வுக் கடன் 180,000 குறோணர் இருக்கிறது, வட்டி 17 வீதம். சில மாதம் மாமா கட்டுவார், சில மாதம் நான் கட்டுவேன். இப்போது இன்னும் ஒரு இலட்சம் கேட்கிறார். அரசின் மாணவர் கடன் நிதியான லோனகாசன் தரும் கடனுக்குப் படிக்கும்போது வட்டி இல்லைதானே, அதில் எடுத்துக் கொடுக்கலாமா? மிச்சத்தைக் கிரிப்டோவில் போடு என்கிறான் மாமாவின் மகன். படிப்பைத் தள்ளிப்போடலாமா என்றும் யோசிக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள். படிப்பையும் தள்ளிப்போடாதீர்கள். கட்டணம் இல்லை, லோனகாசனில் எப்படி விண்ணப்பிப்பது என்பதெல்லாம் பச்சலர் முடித்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாமா கேட்கும்போதெல்லாம் உங்கள் பெயரில் கடன் எடுக்கிறீர்களே, அதுதான் உங்களைக் கெடுக்கிறது.

180,000க்கு 17 வீதம் என்றால் மாதம் 2,550 போல, வருடத்துக்கு 30,000க்கு மேல், வெறும் வட்டி மட்டும். மாமாவுக்குச் சொந்த வீடு இருந்தால் வீட்டுக் கடனை உயர்த்தி இதைவிட எவ்வளவோ குறைந்த வட்டியில் எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை என்று நேரே கேளுங்கள். வங்கி மறுத்திருந்தால், வங்கியே தொட விரும்பாத கடனை நீங்கள் சுமக்கிறீர்கள். 2019இலிருந்து இந்த மாதிரிக் கடன்கள் கடன் பதிவேட்டில் இருக்கின்றன. நாளைக்கு நீங்கள் வீடு வாங்கப் போனால் வங்கி அதைப் பார்க்கும், அங்கே கடனாளி நீங்கள் மட்டும்தான்.

வட்டி இல்லை என்பதும் படிப்பு முடியும் வரைதான். அதோடு நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது: பெற்றோருடன் வசிக்காத மாணவருக்கு அந்தக் கடனில் 40 வீதம் வரை மானியமாக மாறும், பாடங்கள் தேறும்போது 25, பட்டம் முடித்தால் 15. 2024–25இல் வருடத் தொகை 151,690 குறோணர், ஆகவே வருடம் 60,000 போல. மாமாவுக்குக் கொடுத்துவிட்டு அந்த ஓட்டையை அடைக்க மேலதிக ஷிப்ட் எடுத்து, பரீட்சை தவறினால், இதுவும் கையை விட்டுப் போகும். வருமானம் வரம்பைத் தாண்டினாலும் மானியம் குறையும். பழைய நோர்ஸ் பிரதிகளை இரவு வேலை முடிந்து வந்து அரைத் தூக்கத்தில் படிக்க முடியாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? முதல் ஆண்டு வீட்டிலேயே இருங்கள். மானியம் கிடைக்காது, ஆனால் அறை வாடகை மாதம் 5,500 என்று வைத்தாலே அந்த 60,000 வாடகைக்கே போய்விடும். கடனாக மாதம் 13,500, வேலையில் கைக்கு 11,000 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 6,000, உங்களுக்கு 8,000 போனால் 10,500 மிஞ்சும். அதில் 8,500ஐ நுகர்வுக் கடனுக்குக் கட்டுங்கள். ஒரு வருடத்தில் கடன் மீதி ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கும், மாமாவும் கட்டினால் இன்னும் வேகமாக. ஆய்வேடு எழுதும் இரண்டாம் ஆண்டில் மாணவர் விடுதிக்குப் போங்கள், அப்போது மானியமும் வரும், அமைதியும் கிடைக்கும்.

கிரிப்டோ வேண்டாம். வட்டிக்கான வரிக் கழிவைக் கழித்த பிறகும் அந்தக் கடனை அடைப்பது 13 வீத நிச்சய லாபம், எந்தச் செயலியும் அப்படி உறுதி தராது. இப்போது யாரைப் பார்த்தாலும் கிரிப்டோவில் போடு என்றுதான் சொல்கிறார்கள், படிப்புக் கடனில் விளையாடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மாஸ்டரோடு ஓராண்டு ஆசிரியப் பயிற்சியும் முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் லெக்தராக (மாஸ்டர் தகுதியுள்ள ஆசிரியராக) நோர்வேஜிய மொழி கற்பிக்கலாம். அது நிலையான சம்பளம், இந்தத் துறையில் வேலை இல்லை என்று வீட்டில் சொல்வதை நம்பி நிற்காதீர்கள்.

மாமாவிடம் இந்த வாரமே சொல்லுங்கள், புதிதாக ஒரு குறோணரும் இல்லை, பழையதை அவர் தன் பெயருக்கு மாற்றி எடுக்க வேண்டும் அல்லது மாதம் ஒரு குறித்த தொகையை உங்கள் கணக்குக்குத் தானாகவே வரும்படி வங்கியில் ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் மறுத்தால் நாவ் எனும் சமூகநல அலுவலகத்தின் கடன் ஆலோசகரிடம் போங்கள், அது இலவசம். போகும்போது கடன் ஒப்பந்தத்தையும், மாமா இதுவரை கட்டிய வங்கிக் கூற்றுகளையும் கொண்டு போங்கள்.