தேடுபொறித் தொழிலும் பத்திரிகைகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, தேடுபொறித் தொழில் (கூகுள் போன்ற தேடுபொறிகளின் முடிவுகளில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) என்றாலே ஏமாற்று வேலை என்ற பெயர் எப்படி வந்தது?

பதில்: ஒரே நாளில் வந்த பெயரன்று, ஆனால் 2011 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் டைம்ஸில் டேவிட் சீகல் எழுதிய கட்டுரைக்கு அதில் பெரும் பங்குண்டு. அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான ஜே.சி.பென்னி, ஆடைகள், படுக்கை விரிப்புகள் எனப் பல பொருள்களுக்கான தேடலில் மாதக்கணக்காகக் கூகுளின் முதலிடத்தில் இருந்ததன் காரணத்தை அவர் தேடினார். குறட்டை, நாய், அலுமினியத் தகடு என எவ்விதத் தொடர்பும் இல்லாத தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இணைப்புகள் அந்நிறுவனத்தை நோக்கி இருந்தன. பிற தளங்கள் தரும் இணைப்புகளைப் பரிந்துரைகளாகக் கூகுள் கணக்கிடுகிறது; அவற்றைக் காசு கொடுத்து வாங்குவது அதன் விதிகளுக்கு மாறானது. கூகுள் தண்டித்த மாலையில், ஒரு பயணப் பெட்டிக்கான தேடலில் ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த நிறுவனம் இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குச் சரிந்தது. தாங்கள் அந்த இணைப்புகளுக்கு ஒப்புதல் அளிக்கவில்லை என்று கூறிய நிறுவனம், தனது ஆலோசகர்களை நீக்கியது. இந்தக் கட்டுரையை நான் குறை சொல்ல மாட்டேன்; நேர்மையாகத் தொழில் செய்பவர்களுக்கு அது செய்த நன்மை பெரிது.

கேள்வி: கூகுளில் காசு கொடுத்தால் முதலிடம் கிடைக்குமா?

பதில்: விளம்பரப் பகுதியில் இடம் கிடைக்கும், அதுவும் ஏலத்தொகையையும் விளம்பரத்தின் தரத்தையும் பொறுத்தது. விளம்பரம் அல்லாத இயல்பான முடிவுகளில் இடத்தைக் கூகுள் விற்பதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பும் செய்திகளே தொழிலின் பெயரைக் கெடுக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு காட்டும் முடிவுகளைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002இலேயே தேடுபொறிகளுக்கு எழுதியது. முதலிடம் உறுதி என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: விளம்பர வருவாயைக் கூகுளிடம் இழந்த ஆத்திரத்தில்தானே பத்திரிகைகள் இப்படி எழுதுகின்றன?

பதில்: வருவாயை இழந்தது உண்மை. ஆனால் வருத்தம் இருப்பதாலேயே அவர்கள் கண்டுபிடித்தது பொய்யாகிவிடாது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் பத்திரிகைகளின் கை சுத்தமா?

பதில்: இல்லை, இங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் பிரிட்டனின் இன்டர்ஃப்ளோரா என்ற மலர் விற்பனை நிறுவனம், தன் பெயரைத் தேடினால்கூடக் கிடைக்காத அளவுக்குக் கூகுளால் ஒதுக்கப்பட்டது. அதற்கான இணைப்புகள் வட்டாரப் பத்திரிகைகளின் தளங்களில் விளம்பரக் கட்டுரைகளாகவே வந்திருந்தன. அத்தளங்களில் பலவற்றின் மதிப்பையும் கூகுள் குறைத்தது. இணைப்பை வாங்கியவனை மட்டும் எழுதி, விற்ற பத்திரிகையை விட்டுவிடுவது பாதிச் செய்தி. அந்தப் பாதியைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அதைக் காட்டி வாங்கியவனின் தவற்றை மறைக்கும் உரிமை நமக்கு இல்லை.

கேள்வி: மாதம் ஒரு தொகைக்கு முதல் பக்கம் உறுதி என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். நம்ப வேண்டாம்.

கேள்வி: மூன்று மாதத்தில் முதலிடம் என்று எழுதித் தருகிறார்களே?

பதில்: எழுதித் தந்தாலும் அதே பதில்தான். மேலுள்ள பதில்களைப் படித்த பிறகு கேளுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் இணைப்புகளைப் பற்றி ஒரு நிருபர் கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்: எந்த இணைப்புகளுக்குப் பணம் கொடுத்தீர்கள், யார் மூலம் கொடுத்தீர்கள், எப்போது நீக்கினீர்கள் என்ற மூன்றையும் ஆவணத்துடன் சொல்லுங்கள்.