பெரிய நாய் இருக்கும் வீட்டில் சிறு குட்டியைப் பாதுகாப்பது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து வயதான ராஜபாளையம் ஆண் நாய் இருக்கிறது; எடை 28 கிலோ. சென்ற வாரம் 55 நாள் ஆன பொமரேனியன் பெண் குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். அது ஒன்றேகால் கிலோதான் இருக்கிறது. பெரிய நாய் வாலை ஆட்டிக்கொண்டு அதை முகர்ந்து பார்க்கிறது; ஆனால் நேற்று முன்னங்காலால் அமுக்கியதில் குட்டி வீரிட்டுக் கத்திவிட்டது. நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் இரண்டையும் ஒன்றாக விட்டுச் செல்லலாமா? வீட்டில் வேறு எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும்? (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஒன்றாக விட்டுச் செல்லக் கூடாது. உங்கள் ராஜபாளையம் நல்ல சுபாவம் கொண்டதாகவே இருக்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் இங்கே சுபாவத்தைவிட எடைதான் முக்கியம். குட்டியைப்போல இருபது மடங்குக்கும் அதிக எடையுள்ள நாய், விளையாட்டாக ஒரு கால் வைத்தாலே குட்டியின் விலா எலும்போ முன்னங்கால் எலும்போ முறிந்துவிடும். போதாக்குறைக்கு, ராஜபாளையம் வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டு வந்த இனம். சிறிய உருவம் ஒன்று கீச்சென்று கத்தியபடி ஓடினால் துரத்திப் பிடிக்கும் உந்துதல் அதன் இரத்தத்திலேயே ஊறியது. மாதக்கணக்கில் அன்பாகப் பழகிய நாய்கூட அந்த ஒரு நொடியில் குட்டியைக் கவ்வி உதறிவிடக்கூடும். அதைப் பகை என்று சொல்ல முடியாது. அதனால்தான் முன்கூட்டிக் கண்டுபிடிப்பதும் கடினம்.

ஆகவே, நீங்கள் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் குட்டி தனி அறையில், தாழிட்ட கதவுக்குப் பின்னால் இருக்கட்டும். குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கதவை நம்ப வேண்டாம். ராஜபாளையம் அதை எளிதாகத் தாண்டிவிடும், பொமரேனியன் குட்டியோ கம்பி இடைவெளியில் நுழைந்து வந்துவிடும். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வயதில் இவ்வளவு சிறிய குட்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு வேளை உணவு தேவை. நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை குறைந்து, தள்ளாடி, சுருண்டு படுத்துவிடும். நண்பகலில் ஒருவர் வந்து உணவு கொடுக்க அவசியம் ஏற்பாடு செய்யுங்கள். குட்டி துவண்டு கிடப்பதைக் கண்டால், சிறிது தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறுகளில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மாலையில் இரண்டையும் பழக்கலாம். முதலில் பெரிய நாயை நன்றாக நடக்க வைத்துக் களைப்படையச் செய்துவிட்டு, கயிற்றில் பிடித்தபடியே அமர வையுங்கள். குட்டி தானாக அருகில் வரட்டும். அதைக் கையில் தூக்கிப் பெரிய நாயின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம். சில நிமிடங்கள் போதும். அந்த நேரத்தில் உங்கள் கண் பெரிய நாயின் உடலில் இருக்க வேண்டும். வாலாட்டுவதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். உடல் விறைத்து, வாய் மூடி, குட்டியின் மேலேயே பார்வை நிலைகுத்தி நின்றால், வால் ஆடினாலும் அன்றைய சந்திப்பை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். உறுமினால் அடிக்கவோ அதட்டவோ கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். உணவுத் தட்டு, எலும்பு, படுக்கை ஆகிய மூன்றும் இரண்டுக்கும் எப்போதுமே தனித்தனியாக, வேறு வேறு இடங்களில் இருக்கட்டும்.

ஒருவேளை பெரிய நாய் குட்டியைக் கவ்விவிட்டால் குட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் சதை கிழியும். தண்ணீரை வீசியோ போர்வையை எறிந்தோ பெரிய நாயின் பிடியைத் தளர்த்தப் பாருங்கள். அதன் பிறகு, தோலில் ஊசி குத்தியது போன்ற இரண்டு சிறு துளைகள் மட்டுமே தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பெரிய நாய் கவ்வி உதறும்போது தோல் நீண்டு கொடுத்துவிடும். உள்ளே தசை நசுங்கி, விலா முறிந்து, நுரையீரல் காயப்பட்டிருக்கும். முடி அடர்ந்த பொமரேனியனில் அந்தத் துளைகளைக்கூட முடியை விலக்கித் தேடித்தான் காண முடியும். மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டிலுள்ள ஆபத்துகளில் முதலில் உயரம். சோபாவிலிருந்து குதித்தோ கையிலிருந்து நழுவியோ விழுந்து முன்னங்கால் முறிவது இந்தச் சிறிய இனங்களில் மிகச் சாதாரணம். குழந்தைகள் குட்டியைக் கொஞ்ச வேண்டுமென்றால் தரையில் சம்மணமிட்டு அமர்ந்த பிறகே மடியில் வையுங்கள். மாடிப்படி, பால்கனி கிரில், மூடி சரியாகப் பொருந்தாத தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை இன்றே சுற்றிப் பாருங்கள். கிரில் இடைவெளியில் குட்டியின் தலை நுழையுமானால் உடலும் நுழைந்துவிடும்; வலை கட்டிவிடுவது நல்லது. மின்கம்பிகளைக் கடிக்கும் வயது இது என்பதால் சார்ஜர் ஒயர்கள் தரையில் கிடக்கக் கூடாது.

எலி மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எலி கேக்குகளில் பெரும்பாலும் இருக்கும் புரோமடியோலோன் இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு. தின்ற குட்டி இரண்டு மூன்று நாட்கள் ஒன்றும் ஆகாதது போல ஓடி விளையாடும். பிறகு ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, உள்ளுக்குள் இரத்தம் கசியும். அறிகுறி தெரியும் முன்பே வைட்டமின் கே1 சிகிச்சையைத் தொடங்கினால் காப்பாற்றிவிடலாம். கருஞ்சாம்பல் நிறத் தூளாக விற்கும் ஜிங்க் பாஸ்பைடு இதற்கு நேர்மாறானது. அது வயிற்று அமிலத்துடன் சேர்ந்து நச்சு வாயுவாக மாறிச் சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கும். உணவு உள்ளே போனால் அமிலம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். எனவே பால், முட்டை, மோர் என்று எதையும் ஊற்றக் கூடாது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் ஆபத்து. அந்த உப்பே சிறு குட்டிக்கு நஞ்சாகிவிடும். குட்டி தானாகவே வாந்தி எடுத்தால் சன்னல்களைத் திறந்து வையுங்கள்; அந்த வாயு உங்களுக்கும் கெடுதல். மருந்தின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் சிகிச்சை அளிப்பவருக்கு நேரம் மிச்சமாகும். உங்கள் மருத்துவர் இல்லாத நேரத்துக்கு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களுக்கான பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைக் கால் துண்டுகூடக் கொடுக்கக் கூடாது. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் சேர்க்கப்படும் சைலிட்டால் ஆகியவையும் நாய்க்கு ஆகாதவை. பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் அரளியோ, அழகுக்கு வைக்கும் சைகஸ் செடியோ இருந்தால் அங்கே குட்டியை விடாதீர்கள். பெரிய நாய்க்கு உண்ணி மருந்து தடவினால் அது காயும்வரை குட்டி அதை நக்காதபடி பிரித்து வையுங்கள்; அதே மருந்தைப் பாதியாக்கிக் குட்டிக்குத் தடவுவதும் கூடாது.

கடைசியாக, தடுப்பூசி. உங்கள் குட்டி முதல் ஊசி போட வேண்டிய வயதில்தான் இருக்கிறது. அதன் பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம்வரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதம் முடிந்ததும். இந்த ஊசிகள் எல்லாம் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல் தூக்கியே செல்லுங்கள். வெளியே உலவிவரும் பெரிய நாயின் பாதத்தில் ஒட்டிக்கொண்டும் குட்டிகளுக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் உண்டாக்கும் பார்வோ கிருமி வீட்டுக்குள் வரும். ஆகவே திரும்பியதும் அதன் கால்களைக் கழுவித் துடைத்துவிட்டு, அதன் தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். குட்டிக்கு ஆறு மாதம் முடிந்து உடல் தேறிய பிறகும், கண்காணிக்க ஆளில்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.