சான்று கண்டும் தணியாத சந்தேகம்: உங்கள் திரைக்கதையின் கணவன்

உங்கள் திரைக்கதையில், மனைவி குற்றமற்றவள் என்பதற்குச் சான்று கிடைத்த பின்னும் கணவனின் சந்தேகம் தணியாதது நம்பும்படி இல்லை என்று நண்பர்கள் சொன்னதற்காக இறுதிக் காட்சியை மாற்றாதீர்கள். 1955-இல் டாட், டியூஹர்ஸ்ட் என்னும் மனநல மருத்துவர்கள் 'ஒதெல்லோ நோய்க்குறி' என்று விவரித்த நிலையில், அதாவது துணை துரோகம் செய்வதாக ஆதாரமின்றி உறுதியாக நம்பும் நிலையில், மனம் அப்படித்தான் இயங்கும்.

பிழை முற்பகுதியில் இருக்கலாம். திருநெல்வேலி குறுக்குத்துறைப் படித்துறையில் அவள் வேறொருவரிடம் பேசுவதைப் பார்த்த பிறகே அவன் சந்தேகப்படத் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது சாதாரணப் பொறாமை. நோயாகிவிட்ட பொறாமையிலோ முடிவு முதலில் வந்துவிடுகிறது, சான்றை மனம் பிறகு தேடிக்கொள்கிறது: பாளையங்கோட்டையிலிருந்து அவள் வரும் பேருந்து சுலோச்சன முதலியார் பாலத்து நெரிசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டால், அந்தப் பத்து நிமிடமே அவனுக்குப் போதும்.

படித்துறைக் காட்சியை நீக்கிவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவனுடைய உறுதி அப்போதும் குலையாமல் நின்றால் பாத்திரம் சரியாக அமைந்திருக்கிறது. அந்தக் காட்சி திரும்ப வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

ஆனால், நோய் என்ற சொல் அவன் அடிக்கும் அடிக்கு மன்னிப்பாகிவிடக் கூடாது. இரண்டாம் பாதியில் அவன் கண்ணீருக்குக் கொடுத்த இடத்தில் பாதியையாவது, வாசலில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் மூச்சை அடக்கிக்கொள்ளும் அச்சத்துக்குக் கொடுங்கள்.